மரக்கறித் தோட்டத்திலிருந்து முதுமாணிப் பட்டம் வரை
உணவு விஞ்ஞானத்தைத் தொலைவிலிருந்து கற்க விரும்பும் எமது பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

கந்தப்பளையிலும் இராகலையிலும் நுவரெலியாவைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் பீட்ரூட்டும் இரவோடிரவாக லொறியேறித் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போகின்றன. சாக்கில் திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஆட்களும் ஏறியிருந்து போகும் சரக்கு சந்தையில் இறங்கும்போது அடிச்சாக்குகள் நசுங்கிக் கசிந்திருக்கும். விலை இருக்கும் நாளில் இந்தச் சேதம் யார் கண்ணிலும் படாது. விலை விழுந்த நாளில் லொறிக் கூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே மரக்கறியை உழுது புதைக்கும் விவசாயிகளை நாம் அறிவோம்.

2011 ஆம் ஆண்டின் இறுதியில், மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டும் என்ற விதி வந்தது. சேதத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் கூடைக்குப் பணம் யார் கொடுப்பது, வெறுங்கூடை எப்படித் திரும்பி வரும், ஒரு லொறியில் எவ்வளவு குறைவாக ஏறும் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமற்போகவே தம்புள்ளை முதலிய இடங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. விதி தளர்த்தப்பட்டது. விஞ்ஞானம் சரியாக இருந்தும் விவசாயியின் கணக்கு அறிந்தவர்கள் அதைக் கொண்டுவரவில்லை என்பதே இதிலுள்ள பாடம். எமது லயன்களிலும் குடியேற்றங்களிலும் பிறந்த பிள்ளைகள் உணவு விஞ்ஞானம் கற்க வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

"அதெல்லாம் பேராதனைக்குப் போகிறவர்களுக்கு" என்று பெற்றோர் பலர் சொல்வதுண்டு. இன்று அப்படியல்ல. முதற்பட்டம் பெற்று ஏதோ ஒரு வேலையில் இருக்கும் பிள்ளை, வேலையை விடாமல், வீட்டிலிருந்தே முதுமாணிப் படிப்பைத் தொடரும் வழிகள் திறந்துள்ளன. அந்த வழியில் எவை கேட்கப்படும், எவை கையிருப்பில் இருக்க வேண்டும், எங்கே வழுக்கும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உணவு விஞ்ஞானம் எமக்குப் புதிதா?

சமையற்கலை வேறு, போசாக்கு வேறு, உணவு விஞ்ஞானம் வேறு. ஓர் உணவுப்பொருள் ஏன் கெடுகிறது, ஏன் நிறம் மாறுகிறது, எப்படிப் பாதுகாப்பாக வைக்கலாம், அதை எப்படி வேறொரு பண்டமாக மாற்றலாம் என்று ஆராய்வதே உணவு விஞ்ஞானம். இரசாயனவியல், நுண்ணுயிரியல், பௌதிகவியல், பொறியியல் ஆகிய நான்கும் அதன் தூண்கள்.

இதற்கு முதல் ஆய்வுகூடம் எமது தேயிலைத் தொழிற்சாலையே. கொழுந்து பறிக்கப்படும்போது அதன் நிறையில் முக்கால் பங்குக்கும் மேல் நீர். வாட்டும் தட்டுகளில் அந்த நீரின் ஒரு பகுதி போகிறது. உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. உள்ளேயிருந்த கற்றேக்கின் என்ற பொருள்களும் நொதியமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்று சேர்கின்றன. பச்சை இலை செம்பு நிறமாவது இதனால்தான். தொழிற்சாலையில் இதனை 'நொதித்தல்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் இது ஒட்சியேற்றம். சாயத்துக்குப் பிரகாசத்தைக் கொடுக்கும் தியாபிளேவினும் கருமையைக் கொடுக்கும் தியாருபிஜினும் அப்போது உருவாகின்றன. பின்பு சூடான காற்றால் நொதியத்தை நிறுத்தி, ஈரத்தை ஏறத்தாழ 3 வீதத்துக்குக் குறைக்கிறார்கள். உலர்த்தி அறையில் வேலை செய்யும் தொழிலாளி மணத்தைக் கொண்டே நேரத்தைச் சொல்லிவிடுவார். அவர் மூக்கால் அறிந்ததை அவருடைய மகள் இரசாயனவியலால் அறிகிறாள். இரண்டும் ஒரே அறிவின் இரு கரைகள்.

மரக்கறியிலும் இதே கதைதான். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளைக்கிழங்கில் சொலனின் என்ற நச்சுப்பொருள் கூடுகிறது. ஜாமில் கரைந்த திண்மம் ஏறத்தாழ 65 வீதம் இருந்தால் பூஞ்சணமும் பற்றீரியாவும் எளிதில் வளர முடியாது. புளிப்பை அளக்கும் பி.எச். 4.6 இற்குக் கீழே இருந்தால் பொட்டுலிசம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் பற்றீரியா வளராது. ஆகவே ஊறுகாயையும் ஜாமையும் கொதிநீரில் சூடாக்கிப் போத்தலில் அடைக்கலாம். ஆனால் போஞ்சியையும் கரட்டையும் வெறும் உப்புநீரில் இட்டு அப்படி அடைத்தால் ஆபத்து. அவற்றுக்கு அழுத்தத்தின் கீழ் 121 பாகை சென்ரிகிரேட் வெப்பம் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் சிறுதொழில் தொடங்கினால் வாடிக்கையாளரின் உயிரோடு விளையாடுவதாகும்.

எங்கே படிக்கலாம்?

இலங்கையில் இத்துறையின் பட்டப்பின் படிப்புக்கு நீண்டகாலமாகப் பெயர்பெற்றது பேராதனையில் 1975 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவனம். உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அங்கு ஒரு தனித் துறை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இத்துறையில் முதுமாணிப் படிப்பு உண்டு. ஹட்டனிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ பேராதனைக்குப் பஸ்ஸில் போய்வர முடியும் என்பவர்கள் முதலில் அங்கே விசாரிப்பதே நல்லது. செலவு ரூபாவில். ஆய்வுகூடம் கண்முன்னே. ஆசிரியரை நேரில் காணலாம்.

தொலைவிலிருந்து கற்பதற்கு அண்டை நாட்டில் இந்திரா காந்தி தேசியத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு. 1985 இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகம் உணவுப் பாதுகாப்பும் தர முகாமைத்துவமும் என்ற பாடத்தில் பட்டப்பின் டிப்ளோமாவையும் பின்னர் முதுமாணிப் படிப்பையும் நடத்தி வந்துள்ளது. டிப்ளோமாவைக் குறைந்தது ஒரு வருடத்திலும் கூடியது மூன்று வருடங்களிலும் முடிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. வேலை செய்வோருக்கு இந்த நெகிழ்ச்சி பெரிய உதவி. வெளிநாட்டு மாணவர் எந்தப் படிப்பில், எந்த நிலையத்தின் கீழ் சேரலாம் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முழுவதும் இணையவழியில் நடக்கும் படிப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் உணவு விஞ்ஞான முதுமாணி. மொத்தம் 30 திறமைப் புள்ளிகள். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 புள்ளிகள் என்பதால் ஏறத்தாழப் பத்துப் பாடங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உணவுப் பாதுகாப்பில் இதுபோன்ற இணையவழி முதுமாணிப் படிப்பை நடத்தி வந்துள்ளது. எல்லோரும் அமெரிக்கப் படிப்பில் சேர வேண்டும் என்பதற்காக இவற்றைக் குறிப்பிடவில்லை. இவை கேட்கும் தகைமைகளை அளவுகோலாக வைத்துக்கொண்டால், வேறு எந்த நாட்டுப் படிப்புக்கும் ஒருவர் எவ்வளவு ஆயத்தம் என்பதை அறிந்துகொள்ளலாம்.

அவர்கள் என்ன கேட்கிறார்கள்?

முதலாவது, அங்கீகரிக்கப்பட்ட முதற்பட்டம். உணவு விஞ்ஞானத்தில்தான் பட்டம் இருக்க வேண்டும் என்பதில்லை. விவசாயம், உயிரியல், இரசாயனவியல், நுண்ணுயிரியல், போசாக்கு, தேயிலைத் தொழில்நுட்பம் ஆகிய துறைப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். இந்திரா காந்திப் பல்கலைக்கழக டிப்ளோமாவும் இரசாயனவியல், உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல் போன்ற பாடமொன்றைப் பட்டத்தில் கற்றவர்களையே எதிர்பார்க்கிறது. கலைப் பட்டதாரிகளுக்கு இவ்வழி நேரடியாகத் திறப்பதில்லை.

இரண்டாவது, அடிப்படைப் பாடங்கள். சேதன இரசாயனவியல், உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல், பௌதிகவியல், நுண்கணிதம், புள்ளிவிபரவியல், மனித போசாக்கு ஆகியவை பொதுவாகக் கேட்கப்படுபவை. இவற்றில் ஒன்றிரண்டு இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவதில்லை. அவற்றை முதலில் படித்து முடிக்கும்படி நிபந்தனை இடுவார்கள். இது செலவையும் காலத்தையும் கூட்டும். ஆகவே, பட்டப்படிப்பில் இருக்கும் பிள்ளை இப்போதே உயிர் இரசாயனவியலையும் புள்ளிவிபரவியலையும் தெரிவுப் பாடமாக எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, புள்ளிகள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் 4 இற்கு 3.0 என்ற சராசரியை எதிர்பார்க்கின்றன. அதற்குக் குறைந்தவர்கள் வேலை அனுபவத்தைக் காட்டி நிபந்தனையுடன் சேரக்கூடிய இடங்களும் உண்டு. தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் செய்த வேலையை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது அப்போது கைகொடுக்கும்.

நான்காவது, ஆங்கிலம். ஐ.ஈ.எல்.ரி.எஸ். அல்லது ரோபல் பரீட்சைப் பெறுபேறு கேட்பார்கள். இப்பெறுபேறு இரண்டு வருடங்களுக்கே செல்லும். முன்னரே எழுதிவைத்துக் காலாவதியாக விடவேண்டாம்.

ஐந்தாவது, இரண்டு அல்லது மூன்று பேரின் பரிந்துரைக் கடிதங்களும் "ஏன் படிக்க விரும்புகிறேன்" என்ற ஒரு பக்கக் கட்டுரையும். கட்டுரையில் பெரிய வார்த்தைகள் தேவையில்லை. மழைக்காலத்தில் உங்கள் ஊரில் எந்த மரக்கறி எவ்வளவு அழிகிறது, அதைப்பற்றி நீங்கள் என்ன செய்ய நினைக்கிறீர்கள் என்பதை நேராக எழுதினாலே போதும். எமது பிள்ளைகளிடம் இதற்குப் பஞ்சமில்லை.

பட்டம் இல்லாதவர் எங்கே தொடங்குவது?

இங்குதான் மலையகத்தின் பழைய குறை எதிரே வந்து நிற்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் இன்றும் போதியளவு இல்லை. விஞ்ஞானப் பிரிவு இல்லாததால் கலைப்பிரிவுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆயினும் மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. அது இல்லாத பாடசாலையில் 2013 முதல் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவின் உயிர்முறைமைகள் தொழில்நுட்பவியல் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு உண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டு, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980 இல் நிறுவப்பட்ட இதன் தலைமையகம் நாவலையில். கண்டிக்கான பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கற்கை நிலையங்கள் உள்ளன. உயர்தரத்தில் தகுதி பெறாதவர்கள் முதலில் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்து விஞ்ஞானப் பட்டத்துக்குள் நுழைய இங்கு இடமுண்டு. இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் என்று பாடங்களை எடுத்தால் பின்னர் உணவு விஞ்ஞானத்துக்குப் பாதை போடும். விஞ்ஞானப் பட்டம் ஆங்கில மொழியில் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்று, தொழிற்கல்வி. தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரையான படிகளைக் கொண்டது. 5 ஆம், 6 ஆம் படிகள் டிப்ளோமா. 7 ஆம் படி பட்டத்துக்குச் சமம். 2008 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இரத்மலானையில் உணவுப் பதனிடல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு நடத்துகிறது. வெதுப்பகத்தில் வேலை பழகிய இளைஞனும் இப்படியே படிப்படியாக ஏறி முதுமாணி வரை போகலாம். நீண்ட பாதைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழும் தொழிலும் இருக்கும் என்பது இதன் பலம்.

பெயர்ந்தவர்களின் முதற்கவலை: ஆவணங்கள்

1977 இலும் 1983 இலும் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு திருத்திக் கழனி கண்ட குடும்பங்களைப் போர் மீண்டும் மீண்டும் பெயர்த்தது. மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் வீடு விட்டவர்கள் உள்ளனர். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களோடு உயிர்களையும் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலைநாடெங்கும் சரிவுகளை உண்டாக்கியது. ஓடும்போது பிள்ளையைத் தூக்குவோமே தவிரச் சான்றிதழை யார் தூக்குவார்? ஆனால் முதுமாணி விண்ணப்பத்தில் முதலில் கேட்பது அந்தத் தாள்களைத்தான்.

பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதியைப் பரீட்சைத் திணைக்களம் வழங்கும். சுட்டெண்ணும் பரீட்சை எழுதிய வருடமும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். பட்டச் சான்றிதழையும் பாடவாரியான புள்ளிப் பட்டியலையும் பல்கலைக்கழகப் பதிவாளர் தருவார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இப்புள்ளிப் பட்டியலை மாணவரின் கையால் அல்லாமல், பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக, முத்திரையிட்ட உறையில் அல்லது மின்னஞ்சலில் வரவேண்டும் என்று கேட்கும். இதற்கு வாரங்கள் செல்லும். இறுதித் திகதிக்கு மூன்று மாதம் முன்னரே தொடங்குங்கள்.

எமது மக்களுக்கே உரிய இன்னொரு சிக்கல் பெயர். பிறப்புப் பதிவில் கணக்குப்பிள்ளை எழுதிய ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதமாக இருக்கும். வெளிநாட்டில் இவற்றை மூன்று வெவ்வேறு ஆட்கள் என்றே கொள்வார்கள். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்வது உடனடி வழி. பிறப்புப் பதிவையே திருத்திக்கொள்வது நிரந்தர வழி. வெளிநாட்டுக்கு அனுப்பும் சான்றிதழ்களில் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சி தேவைப்பட்டால், கொழும்புக்குப் போகாமல் கண்டி, யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகங்களிலும் விசாரிக்கலாம்.

கிடைத்த தாள்களை எல்லாம் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள். அடுத்த மழை வரும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

நேரக் கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுமாணி 9 ஆம், 10 ஆம் மட்டங்களில் வருகிறது. பாடங்கள் மட்டும் கொண்ட 9 ஆம் மட்டத்துக்கு 30 திறமைப் புள்ளிகள். ஆராய்ச்சியும் சேர்ந்த 10 ஆம் மட்டத்துக்கு 60. ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்பது கணக்கு. ஆக 30 புள்ளிக்கு 1,500 மணித்தியாலம். வாரம் 15 மணித்தியாலம் படித்தால் 100 வாரம், ஏறத்தாழ இரண்டு வருடம். வாரம் 15 மணித்தியாலம் என்பது தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். காலையில் வேலைக்குப் போய் மாலையில் பிள்ளைகளையும் அடுப்பையும் பார்க்கும் பெண்ணுக்கு இந்த நேரம் தானாகக் கிடைக்காது. வீட்டார் கூடி ஒதுக்கிக் கொடுத்தால்தான் உண்டு. அவள் படிக்கும் வேளையில் தண்ணீர் எடுப்பதும் சோறு வடிப்பதும் வேறொருவர் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

நேர வேறுபாட்டையும் கவனியுங்கள். கன்சாஸில் இரவு 7 மணிக்கு நேரடி வகுப்பு என்றால் இங்கே மறுநாள் காலை 5.30 அல்லது 6.30. பதிவு செய்து பார்க்கும் வகுப்புகளானால் இக்கவலை இல்லை. சேரும் முன் கேட்டறிய வேண்டியது இது.

கருவிகளும் கற்கும் வளங்களும்

10 அடிக்கு 12 அடி லயன் அறையில் ஆறுபேர் இருக்கும்போது படிப்பது எப்படி என்று கேட்பது நியாயமே. கைத்தொலைபேசியில் விரிவுரையைக் கேட்கலாம். ஆனால் அறிக்கை எழுதவும் புள்ளிவிபரக் கணக்குப் போடவும் கணினி வேண்டும். பழைய மடிக்கணினியானாலும் ஒளிப்படக்கருவியும் ஒலிவாங்கியும் இருக்க வேண்டும். இணையவழிப் பரீட்சைகளில் மாணவரை அவற்றின் மூலம் கண்காணிப்பார்கள்.

2020 இல் பெருந்தொற்றால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, சமிக்ஞை தேடி மேட்டுக்கும் மரத்துக்கும் ஏறிய பிள்ளைகளை நாடே கண்டது. இன்றும் பள்ளத்தில் கிடக்கும் பிரிவுகளில் அந்நிலை முற்றாக மாறவில்லை. விரிவுரைகளைச் சமிக்ஞை உள்ள இடத்தில் பதிவிறக்கி வைத்து வீட்டில் பார்க்கலாம். பரீட்சை நாளில் மட்டும் நகரத்தில் நம்பகமான இணைப்புள்ள ஓர் அறையை ஒழுங்கு செய்யுங்கள். பாடசாலையோ நூலகமோ சமூக நிலையமோ வாரத்தில் இரண்டு மாலை ஒரு மேசையையும் விளக்கையும் தரும்படி கேட்பதில் வெட்கமில்லை.

நூல்களில் பொட்டரும் ஹொட்ச்கிஸும் எழுதிய 'புட் சயன்ஸ்' என்ற நூல் தொடக்கத்துக்கு ஏற்றது. எமது உணவுகளுக்கு நெருக்கமாக எழுதப்பட்டது சகுந்தலா மனேயும் சடக்ஷரசுவாமியும் எழுதிய இந்திய நூல். ஆழமான இரசாயனவியலுக்குப் பெனிமாவின் நூல். இவை விலை கூடியவை. வாங்கும் முன் பேராதனை நூலகத்தில் புரட்டிப் பாருங்கள்.

இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் என்.பி.டெல். தளத்தில் கரக்பூர்ப் பேராசிரியர்களின் உணவுத் தொழில்நுட்ப விரிவுரைகளை யாரும் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1963 இல் அமைத்த கொடெக்ஸ் ஆணைக்குழுவின் நியமங்கள் அனைத்தும் இலவசம். பேராதனை நிறுவனம் வெளியிடும் 'ரொப்பிக்கல் அக்ரிகல்சரல் ரிசேர்ச்' சஞ்சிகையில் எமது மண்ணின் பயிர்களைப் பற்றிய ஆய்வுகள் உண்டு. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1925 இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் வாசலுக்கு அருகில் வாழ்ந்தும் உள்ளே என்ன நடக்கிறதென்று அறியாதவர்களாக நாம் இருந்துவிடக் கூடாது.

தமிழில் படித்து ஆங்கிலத்தில் தொடர்பவர்கள் ஒரு குறிப்புப் புத்தகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தமிழ்ச் சொல்லும் மறுபக்கம் ஆங்கிலச் சொல்லும் எழுதி வாருங்கள். நொதியம், ஒட்சியேற்றம், புரதம், நீர்ச்செயற்பாடு என்று நூறு சொற்கள் சேர்ந்தால் பாதிப் பயம் போய்விடும். அந்தப் புத்தகம் அடுத்த பிள்ளைக்கும் உதவும்.

ஆய்வுகூடம் இல்லாமல் ஆகுமா?

ஆகாது. திரையில் பார்த்து நுண்ணுயிர் வளர்க்கப் பழக முடியாது. இந்திரா காந்திப் பல்கலைக்கழகப் படிப்பில் செய்முறைகளுக்குக் கற்கை நிலையத்துக்கு நேரில் போகவேண்டிய பகுதி உண்டு. முழுவதும் இணையவழிப் படிப்புகள், மாணவர் ஏற்கெனவே செய்முறை அறிந்தவர், அல்லது உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டவை. ஆகவே தேயிலைத் தொழிற்சாலை, பாற்பொருள் நிலையம், ஹோட்டல் சமையற்கூடம், வெதுப்பகம் ஆகியவற்றில் வேலை செய்பவர்களே இவற்றால் கூடிய பயன் பெறுவர். இறுதிச் செயற்றிட்டத்தை வேலை செய்யும் இடத்திலேயே செய்ய முகாமையாளரின் எழுத்து அனுமதியை முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.

பணம்

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டதற்கே எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பது எமக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து டொலரில் கட்டணம் கட்டுவது விளையாட்டல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அப்போது நடுவழியில் இருந்த மாணவரின் மீதிக் கட்டணம் சில வாரங்களில் ஏறத்தாழ இரட்டித்தது. ஆகவே முழுப் படிப்புக்கும் கடன் வாங்கிச் சேரவேண்டாம். பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்டும் படிப்பைத் தெரிவு செய்து, கையில் உள்ளதற்கு ஏற்ப ஒரு தவணைக்கு ஒரு பாடம் எடுக்கலாம். நகையை அடகு வைக்கும் முன், முதல் பாடத்தின் பெறுபேறு வரட்டும்.

உதவிகளும் உண்டு. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு உயர்தரத்துக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கும் உதவும் கல்வி நிதியம் ஒன்று கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாக நடைபெற்று வந்துள்ளது. இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கும் அங்கே விசாரிக்கலாம். பொதுநலவாயத் தொலைக்கல்விப் புலமைப்பரிசில் பிரித்தானியப் பல்கலைக்கழக முதுமாணிப் படிப்புகளுக்கு உரியது. எந்தெந்த நாட்டவர், எந்தெந்தப் படிப்பு என்ற பட்டியல் வருடந்தோறும் மாறும். ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வாருங்கள்.

ஏமாறாதீர்கள்

"ஆறு மாதத்தில் முதுமாணி, பரீட்சை இல்லை" என்ற விளம்பரத்தைக் கண்டால் விலகுங்கள். இலங்கையில் நடைபெறும் படிப்பானால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், தொழிற்கல்வியானால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிடமும் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் இங்கே அரச வேலைக்கு ஏற்கப்படுமா, தகைமைச் சட்டகத்தின் எந்த மட்டத்துக்குச் சமம் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் பெறுங்கள். தரகர் சொல்லும் வாய்வார்த்தை பின்னர் நேர்முகப் பரீட்சையில் செல்லாது.

எல்லோருக்கும் முதுமாணி வேண்டுமா?

வேண்டியதில்லை. வீட்டில் ஜாம், உலர்மரக்கறி, ஊறுகாய் செய்து விற்க நினைக்கும் தாய்க்கு முதுமாணி தேவைப்படாது. கண்ணொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு உள்ளது. அவர்கள் நடத்தும் குறுகியகாலப் பயிற்சியும், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் சுட்டுத்துண்டைப் பற்றி என்ன சொல்கிறது என்ற அறிவும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையும் அவருக்குப் போதும். முதுமாணிப் பட்டம் தொழிற்சாலைத் தர முகாமையாளராக, ஆய்வுகூடப் பொறுப்பாளராக, விரிவுரையாளராக, ஆலோசகராக உயர விரும்புபவருக்கே உரியது. பட்டம் பெற்ற மறுநாள் வேலை வாசலில் நிற்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆயினும் ஒன்றை மறக்க வேண்டாம். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக எமது கைகள் பறித்த கொழுந்தின் தரத்தைத் தீர்மானித்தவர்கள் வேறு யாரோ. எமது கரட்டுக்கும் கோவாவுக்கும் விலை சொல்பவர்களும் வேறு யாரோ. தரத்தை அளக்கும் கோல் எமது பிள்ளைகளின் கையிலும் இருந்தால் பேரம் பேசும் மேசையில் எமக்கும் ஒரு கதிரை கிடைக்கும்.

விண்ணப்பிக்கும் முன் சரிபார்க்க:

1. எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக உள்ளதா? இல்லையெனில் சத்தியக்கடதாசி ஆயத்தமா?
2. இரசாயனவியல், உயிர் இரசாயனவியல், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல் ஆகியவற்றில் எது குறைகிறது?
3. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா? இலங்கையில் அப்பட்டம் எந்த மட்டம்?
4. நேரில் போகவேண்டிய செய்முறை நாட்கள் எத்தனை? எங்கே?
5. ஒரு பாடத்தின் கட்டணம் எவ்வளவு? டொலர் விலை ஏறினால் தாங்குமா?
6. கணினி, இணைப்பு, பரீட்சை எழுத அமைதியான அறை ஆகியவை உண்டா?
7. வாரம் 15 மணித்தியாலத்தை வீட்டார் ஒதுக்கித் தருவார்களா?

ஏழுக்கும் விடை எழுதிய தாளோடு, ஏற்கெனவே பல்கலைக்கழகம் சென்ற ஒருவரையோ அருகிலுள்ள திறந்த பல்கலைக்கழக நிலையத்தையோ நாடிப் பேசுங்கள். ஒரே பகுதியில் மூன்று நான்கு பேர் சேர்ந்து படித்தால் கணினியும் நூலும் பொதுவாகும், ஊக்கமும் குறையாது. ஏழில் இரண்டுக்கு மட்டுமே இன்று விடை இருந்தாலும் மனம் தளர வேண்டாம். மீதி ஐந்தையும் இந்த வருடத்துக்குரிய வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.